ஆறு விழும் வரை

மார்ச் 3

தம்பி நேற்றுச் சொன்னது காதிலேயே நிற்கிறது. "உயிரே தற்செயலாக வந்ததுதான் அக்கா. அப்புறம் என்ன, நல்லது கெட்டதெல்லாம் அவரவர் ருசி." அந்த "அப்புறம்" தான் உறுத்துகிறது. முதல் பேச்சிலிருந்து இரண்டாவதற்கு எப்படித் தாவினான்?

மார்ச் 5

அவன் பேச்சின் முதல் பாதி: உயிர் தற்செயலாக வந்ததா? நீராவி, மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன் அடைத்த கண்ணாடிக் குடுவைக்குள் மின்பொறி பாய்ச்சி, உயிரின் புரதங்களுக்குச் செங்கல் போன்ற அமினோ அமிலங்கள் உண்டானதை வேதியியலாளர் ஸ்டான்லி மில்லர் 1953-இல் வெளியிட்டார். 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லிலும் அவை இருந்தன. செங்கல் சல்லிசாகத்தான் கிடைக்கிறது. வீடு எழுந்த விதம்தான் புதிர்.

மார்ச் 6

தற்செயலால் எவ்வளவு முடியும் என்று பார்க்க, பத்துப் பகடைகளை எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் உட்கார்ந்தோம். ஒரே வீச்சில் பத்தும் ஆறாக விழ, சுமார் 6 கோடியில் ஒரு வாய்ப்பு. விழுந்த ஆறுகளை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் வீசினேன். 14-ஆவது வீச்சில் முடிந்தது.

"ஆறை எடுத்து வைத்தது நீ. அங்கே யார் எடுத்து வைத்தது?" என்றான். நியாயமான கேள்வி. தன்னையே நகலெடுக்கும் மூலக்கூறு ஒன்று வந்துவிட்டால் இயற்கைத் தேர்வு, அதாவது நன்றாக நகலாவது தங்கி மற்றது மறைவது, அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதற்கு முன்னால்? உயிரணுக்களில் இருக்கும் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு மரபுச் செய்தியைச் சுமப்பதோடு வேதிவினையையும் தூண்டும் என்று கண்டதற்காக 1989-இல் தாமஸ் செக், சிட்னி ஆல்ட்மன் என்ற விஞ்ஞானிகள் இருவருக்கும் நோபல் கிடைத்தது. அந்தப் பக்கம் ஒரு கதவு தெரிகிறது, உள்ளே இருட்டு.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கடைசிப் பகடையை விரலால் லேசாகத் தட்டிவிட்டேன். "அழுகுணி ஆட்டம்!" என்று கத்தினான். அதுவும் உன் ருசிதானே என்றேன். "ஆட்டத்தின் விதி நாமே போட்டது. உலகத்துக்கு யார் போட்டது?" கெட்டிக்காரன்.

மார்ச் 9

கடைவாய்ப்பல். ராத்திரி இரண்டு மணிக்குக் காது வரை இழுத்தது. தம்பி எழுந்து வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தான். இந்த வலி கெட்டது என்பதும் ருசியா என்று கேட்க நினைத்தேன், வாயைத் திறக்க முடியவில்லை.

மார்ச் 10

இருப்பதை மட்டும் வைத்து இருக்கவேண்டியதை வருவிக்க முடியாது என்பது தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740-இலேயே எழுப்பிய சிக்கல். அது இரண்டு பக்கமும் வெட்டும். யாரோ திட்டம் போட்டே படைத்திருந்தாலும், அந்தத் திட்டம் நல்லதா என்று கேட்கத்தானே செய்வோம்? தம்பிக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன்: உணர்கிற உயிரே இல்லையென்றால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ஆனால் என் வலி என்னைச் சார்ந்தது என்பதால் அது என் இஷ்டம் ஆகிவிடுமா? வலிக்கவில்லை என்று முடிவெடுக்க நேற்று என்னால் முடியவில்லையே.

படித்துக் காட்டினேன். "முதலில் அந்தப் பல்லைப் பிடுங்கு. நானும் கூட வருகிறேன். அப்புறம் பேசலாம்" என்றான்.