எந்தக் கடல்?

2025 ஏப்ரல் 6-ஆம் தேதி நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு முழுக்கப் பாம்பன் பாலம்தான். புதுப் பாலத்தின் நடுத்தூக்கு மேலே போகிற ஒரே வீடியோவை ஆளாளுக்குப் போட்டார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று சுற்றித் திறக்கும் பழைய தூக்குப்பாலத்துக்கு ஈடாகுமா என்று துபாய்க்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்தக் கூத்துக்கு நடுவில் யாரோ ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் போட்டிருந்தார்கள். நான் பார்ப்பதற்குள் நான்கு பேர் அதுவும் பாலம்தான் என்று நினைத்துக் கைதட்டியிருந்தார்கள்.

பென்சில் சார் போய்விட்டார். போஸ்டரில் இருந்த பெயரைப் பார்த்து எனக்கே சட்டென்று பிடிபடவில்லை. மூக்கு நுனிக் கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

நம் பழைய மாணவர் மலருக்கு மலர்க்குழு கேட்டபோது விளையாட்டு விழா பற்றி எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். அதை எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது. கெடு முடிந்து ஒன்பது நாளும் ஆகிவிட்டது. மன்னிக்கவும்.

பிந்தி வருகிறவனை என்ன செய்வது என்பதில் நம் ஆசிரியர்களுக்கு ஆளுக்கொரு சட்டம். தமிழ் ஐயாவிடம் கட்டுரை நோட்டு ஒரு நாள் தள்ளிப்போனால் கொடிக்கம்பத்து மணலில் முட்டி போட வேண்டும். கணக்கு சாருக்கு கிராஃப் பிந்தினால் நாளுக்கு நாலணா, ஹார்லிக்ஸ் பாட்டிலில். அந்தப் பாட்டில் எங்கே போனது என்பது இன்றுவரை விசாரணையில் இருக்கிறது. வரலாறு டீச்சர் மேப்பைக் கையால் தொடமாட்டார். "கப்பல் போயிருச்சுப்பா" என்பார், முடிந்தது. இன்னொருவர் சொன்ன நாளில் கொடுத்தவன் நோட்டையும் திருத்தமாட்டார். அக்டோபரில் அடுக்கியது பிப்ரவரியிலும் அதே அடுக்கில், மேலே பல்லி முட்டையோடு இருக்கும். அவருக்கு மட்டும் நான் எல்லாவற்றையும் நேரத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.

பென்சில் சார் வேறு மாதிரி. பிசிக்ஸ் ரெக்கார்டுக்குக் கெடு எப்போதும் வெள்ளிக்கிழமைதான். இது ஏன் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று கடலைப் பங்கு போட்டுக்கொண்ட ஊர். படகு கரைக்கு வருகிற விடியலில் வகுப்பில் பாதிப் பேர் ஜெட்டியில் நிற்பார்கள். இறாலைப் பிரிக்க வேண்டும், வலையில் கலந்து வரும் சங்காயப் பொடிமீனை ஒதுக்க வேண்டும், ஏலம் முடிகிறவரை அப்பாவின் ஐஸ் பெட்டிக்குக் காவல் இருக்க வேண்டும். அந்தக் கையோடு ரெக்கார்டு எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு விசைப்படகுப் போக்குக்கு நடுவில் கிடைக்கிற மூச்சு எந்தக் கிழமை என்று விசாரித்துக் கெடு வைத்த ஒரே ஆசிரியர் அவர்.

அதற்கும் பிந்தினால் அடி கிடையாது, மார்க் குறைப்பு கிடையாது. சோதனையின் கடைசிப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் மூன்று வரி எழுதுவார். கெடு இன்ன தேதி. வந்தது இன்ன தேதி. மூன்றாவதாகக் 'காரணம்' என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டு, பென்சிலை நம் கையில் கொடுப்பார். நாமே எழுத வேண்டும். "வலை." "ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டது, காற்று." "அம்மா பாசி எடுக்கத் தீவுக்குப் போனது, தம்பி என்னிடம்." ஒருவன் "நோட்டு வாங்கவில்லை" என்று எழுதினான். திங்கட்கிழமை அவன் டெஸ்க்கில் புது ரெக்கார்டு நோட்டு கிடந்தது. யார் வைத்தது என்று அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிப்ரவரி செய்முறைத் தேர்வுக்கு வெளியாள் வருவாரே, அவர் கண்ணில் இதெல்லாம் படக் கூடாது. அதனால் முந்தின சனிக்கிழமை முப்பத்தெட்டு ரெக்கார்டையும் சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போவார். காரணங்களையெல்லாம் ரப்பரால் அழித்துக் கொண்டுவருவார். பென்சில் அதற்குத்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். தெரிந்தவர்கள் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருப்பீர்கள்.

1993 நவம்பர், ஹீரோ கோப்பை. அரையிறுதியில் சச்சின் கடைசி ஓவர் போட்டது 24-ஆம் தேதி. சனிக்கிழமை இறுதிப் போட்டி, கும்ளே ஆறு விக்கெட். இடையில் வந்த வெள்ளிக்கிழமைதான் என் ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனைக்குக் கெடு. டிவி இருந்த வீட்டுத் திண்ணையில் நான் குடியிருந்த வாரம் அது. பிறகு அந்தக் கதையைப் பேசியே அடுத்த வாரத்தையும் ஓட்டினேன்.

டிசம்பர் முதல் வாரம் சார் கூப்பிட்டு நிறுத்தினார். பென்சிலைக் கொடுப்பதற்கு முன்னாலேயே நான் முந்திக்கொண்டேன்.

"அப்பாகூட கடலுக்குப் போயிட்டேன் சார். ரெண்டு நாளா."

சார் ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே கச்சிதமாக இருட்டிக்கொண்டு வந்தது. டிசம்பர் 4-ஆம் தேதி காரைக்கால் பக்கம் கரையைக் கடந்த புயல் அப்போது கடலில் எங்கேயோ வந்துகொண்டிருந்தது. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாகிவிட்டது. ஒரு படகு இறங்கவில்லை. எங்கள் வத்தையோ, அந்தச் சின்ன நாட்டுப்படகு, கரையில் கவிழ்ந்து கிடந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தாலே அதன் நீல அடிப்பாகம் தெரியும்.

"கூண்டு ஏத்தி ரெண்டு நாளாச்சேடா," என்றார். அதட்டல் இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டார். "நீ போனது எந்தக் கடல்? வடகடலா, தென்கடலா?"

வகுப்பு வெடித்தது. முப்பத்திரண்டு வருஷமாகிறது, அந்தச் சத்தம் இன்னும் அடங்கவில்லை. குழுவில் என் எண்ணை 'எந்தக்கடல்' என்றுதான் பாதிப் பேர் சேமித்து வைத்திருக்கிறீர்கள். என் கல்யாணத்தில் மொய் எழுதும்போதுகூட ஒருவன் அப்படித்தான் எழுதினான்.

சார் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மூன்று வரியை எழுதிப் பென்சிலை நீட்டினார். நான் வாங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து என் ஹீரோ பேனாவை எடுத்துக் காரணத்துக்குப் பக்கத்தில் 'கடல்' என்று மையால் எழுதினேன். அழுத்தி, கொஞ்சம் பெரிதாகவே. எந்த ரப்பராலும் அழிக்க முடியாதபடி.

அவர் அதைப் படித்தார். "சரி" என்று கையெழுத்துப் போட்டார். அந்தச் சோதனைக்கு முழு மார்க்.

தேர்வு முடிந்து ரெக்கார்டு திரும்பி வந்தபோது அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துண்டுத் தாள் கோந்தால் ஒட்டியிருந்தது. ஜெயித்தது யார் என்று எனக்கு விளங்கவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம் 1999-இல் சிங்கப்பூர். வத்தையை விற்றுத்தான் அப்பா ஏஜெண்டுக்குப் பணம் கட்டினார். எங்கள் வீட்டிலிருந்து கடலுக்குப் போன கடைசி ஆள் அவர்தான். 2008-இல் ஊருக்கு வந்திருந்தபோது ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் சாரைப் பார்த்தேன். ரிடையர் ஆகியிருந்தார். அவர் என்னைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று நினைத்துத் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அவரே வந்துவிட்டார்.

"இப்ப எந்தக் கடல்ல இருக்கே?"

"சிங்கப்பூர் சார்."

"அங்கேயும் சுத்திக் கடல்தான், இல்ல?" என்றார். அங்கே பள்ளிக்கூடத்தில் செய்முறை வகுப்பெல்லாம் எப்படி நடத்துகிறார்கள், விசாரித்து ஒரு லெட்டர் போடு என்றார். முகவரியை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்னால், வேறெதனால், பென்சிலால் எழுதிக் கொடுத்தார். போடுகிறேன் சார் என்றேன்.

என் மகள் இப்போது இங்கே பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அவள் வேலையை வாங்கிக்கொள்வது கம்ப்யூட்டர். இரவு 11.59-க்குக் கதவு சாத்திவிடும். அவளுடைய பாடத்தில் ஒரு நாள் பிந்தினால் பத்து சதவீதம் போச்சு. காரணம் இருந்தால் டாக்டர் சீட்டோடு படிவம் நிரப்ப வேண்டும். எல்லோருக்கும் ஒரே கணக்கு என்கிறாள், அது நியாயம்தான். போன மாதம் ஆறு நிமிடம் பிந்திவிட்டு அழுதாள். பென்சில் சாரைப் பற்றிச் சொன்னேன். "அப்போ எல்லாரும் பொய் சொல்லியிருப்பாங்களே, அப்பா?" என்று கேட்டாள். இல்லையே, நான் ஒருத்தன்தானே சொன்னேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த லெட்டரை நான் போடவில்லை. பஸ் டிக்கெட்டில் இருந்த எழுத்து இரண்டு மூன்று வருஷத்தில் தேய்ந்துபோனது.

போஸ்டர் வந்த அன்று ராத்திரி, அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து இங்கே வந்து சேர்ந்த ரெக்கார்டைத் தேடி எடுத்தேன். ஒட்டுத் தாள் பழுத்திருந்தது. ஓரத்தைக் கிளப்பப் பார்த்தேன், கிழியும் போலிருந்தது, விட்டுவிட்டேன். போன் டார்ச்சைப் பக்கத்துக்குப் பின்னால் பிடித்தேன். முதலில் என் 'கடல்' தெரிந்தது, அதே திமிரோடு. அதன்மேல் குறுக்காக ஏதோ சிவப்பாக அச்சில் ஓடியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தினசரி காலண்டர் தாள். அச்சடித்த பக்கத்தை உள்ளே வைத்து ஒட்டியிருக்கிறார். இடம் வலமாகத் திரும்பிய ஒரு 6, பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட 'ஞாயிறு'.

1994 பிப்ரவரி 6. மறுநாள் திங்கட்கிழமை எங்களுக்குத் தேர்வு. அந்தத் தாளை அவர் ஞாயிறு ராத்திரி கிழித்தாரோ, திங்கள் விடியலில் கிழித்தாரோ. ஸ்கேல் வைத்து வெட்டியிருக்கிறார், ஓரம் நேராக இருக்கிறது. மற்ற முப்பத்தேழு ரெக்கார்டுக்கும் ரப்பரே போதுமாக இருந்திருக்கும்.