முதியோர் இல்லத்தில் படுக்கைப் புண் கணக்கெடுத்த அனுபவம்

எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்காக ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கைப் புண் கணக்கெடுத்துவிட்டு நேற்றுதான் திரும்பினேன். நெறிமுறைக் குழு அனுமதி, குடும்பத்தாரின் சம்மதக் கையெழுத்து எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

முதல் பயணம் வீண். காலை பத்து மணிக்குப் போனால், எல்லோரையும் குளிப்பாட்டி, உடுத்தி, நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். முதுகையும் இடுப்பையும் எப்படிப் பார்ப்பது? மேலாளர் பதிவேட்டை நீட்டி, "ரெண்டு பேருக்குத்தான் மேடம், இதையே எழுதிக்கோங்க" என்றார். நான் எழுதவில்லை. யாரோ கவனித்து எழுதிய புண்தான் பதிவேட்டில் ஏறும். குறிப்பிட்ட ஒரு நாளில் ஒவ்வொருவர் தோலையும் நேரில் பார்த்தால்தான் கணக்கு.

அடுத்த முறை குளிக்கும் நேரம் பார்த்து ஐந்தரைக்கே போனோம். இரண்டு செவிலியர் தனித்தனியாகப் பார்த்து ஒப்பிட வேண்டும் என்ற விதியை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். படுக்கைப் புண்ணை ஆழத்தைப் பொறுத்து நிலை நிலையாகப் பிரிப்பார்கள். ஒரு பாட்டிக்கு நான் இரண்டாம் நிலை, அதாவது மேல்தோல் உரிந்த புண் என்று எழுதியதை, உடன் வந்த அக்கா ஈரத்தால் வந்த புண் என்றார். படுக்கைப் புண் வழக்கமாக வரும் எலும்பு மேட்டில் இல்லாமல், டயப்பர் படும் மடிப்பில் பரவியிருந்தது. அவர் சொன்னதே சரி.

தோல் இன்னும் உரியாத முதல் நிலையைக் கண்டுபிடிப்பதுதான் ரொம்பக் கஷ்டம். அழுத்தினால் வெளுக்காத சிவப்பு என்கிறது பாடம். நம் கருத்த தோலில் சிவப்பு எங்கே தெரிகிறது? டார்ச் அடித்துப் பாருங்கள். கையால் தொட்டு, சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று பாருங்கள், வலிக்கிறதா என்று கேளுங்கள். பார்க்க விடாமல் மறுத்தவர்களையும் அன்று ஆஸ்பத்திரியில் இருந்தவர்களையும் தனியாகக் குறியுங்கள். புண் உள்ளவர்களின் எண்ணிக்கையை, நாம் பார்த்தவர்களின் எண்ணிக்கையால்தான் வகுக்க வேண்டும்.

ஆயாக்கள் பயந்துபோயிருந்தார்கள். "எங்க பேரை எழுதுவீங்களா?" என்று ஒருவர் கேட்டார். படிவத்தைக் காட்டி, யார் பெயருக்கும் அதில் இடமில்லை என்றேன். அப்புறம் அவரே கையைப் பிடித்து ஒரு தாத்தாவிடம் அழைத்துப் போனார். சர்க்கரை நோயாளி. சாக்ஸைக் கழற்றினால் குதிகாலில் கறுத்த பொருக்கு. ஆழம் தெரியாததால் நிலை குறிக்க முடியவில்லை. பதிவேட்டில் அவர் பெயரே இல்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. தயவுசெய்து சாக்ஸைக் கழற்றாமல் யாரையும் 'புண் இல்லை' என்று எழுதாதீர்கள்.

இன்று காலை போன் செய்தேன். டாக்டர் வந்து பார்த்தாராம். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் வைத்திருக்கிறார்களாம்.