ஆணி இல்லாத செருப்பு

செருப்புத் தைக்கிறவன் ஆணியை வாயில்தான் வைத்திருப்பான். உதட்டோரம் பத்துப் பன்னிரண்டு இருக்கும். நாக்கால் ஒன்றைத் தள்ளி, விரலால் வாங்கி, சுத்தியலால் ஒரு தட்டு. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் நான்கு வருஷம் அப்படித்தான் வேலை பார்த்தேன். ஆட்குறைப்பில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் சபை ஆயர் யாரிடமோ சொல்லி, 1988-இல் ஒரு மிஷன் தொழுநோய் மருத்துவமனையின் செருப்புப் பிரிவில் சேர்ந்தேன். முதல் நாளே மேஸ்திரி என் ஆணி டப்பாவை வாங்கி ஜன்னல் மேல் வைத்துவிட்டார்.

"இங்க ஆணி கெடையாது தம்பி. பசை, தையல். அவ்ளோதான்."

காரணம் எளிது. தொழுநோய்க் கிருமி நரம்பைத் தாக்குகிறது. காலில் வலி தெரியாமல் போய்விடுகிறது. விரல்கள் அழுகித் தானாக விழுகின்றன என்றுதான் ஊர் நம்பியது, நானும் நம்பினேன். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் அதைத்தான் உடைத்துக் காட்டினார். சதையில் கோளாறு இல்லை, வலி போனதுதான் கோளாறு. முள் குத்தினாலும் தெரியாது, அடுப்பு சுட்டாலும் தெரியாது, புண்ணோடே நடப்பார்கள். நடக்க நடக்கப் புண் எலும்புவரை போகும். அதனால் அந்தக் காலுக்கு மருந்து எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் செருப்பு. உள்ளே மெத்தென்று மைக்ரோ செல்லுலார் ரப்பர், நாங்கள் எம்.சி.ஆர். என்போம். கீழே முள் ஏறாத கெட்டி அடி. பின்னால் பட்டை, ஏனென்றால் உணர்ச்சியில்லாத காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. ரப்பரின் மெதுமை சரியா என்று பார்க்க மீட்டர் உண்டு, ஷோர் அளவில் 15 டிகிரி காட்ட வேண்டும். மேஸ்திரிக்கு மீட்டர் தேவையில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துவார். பாதியாக அமுங்கினால் நல்ல ரப்பர்.

இதெல்லாம் எனக்கு ஒரே வாரத்தில் புரிந்துவிட்டது. ஆனால் கைக்குப் பழக்கம் போகவில்லை. பசை காய்கிற வரைக்கும் அடி நகராமலிருக்க, மேஸ்திரி பார்க்காதபோது ஒரு ஆணியைத் தட்டி வைப்பேன், காய்ந்ததும் பிடுங்கிவிடுவேன். ஒரு செருப்பில் பிடுங்க மறந்துவிட்டேன்.

அது ஆடு மேய்க்கிற ஒரு பெரியவருடைய செருப்பு. மூன்று வாரம் அதைப் போட்டுக்கொண்டு கரம்பிலும் ஏரிக்கரையிலும் நடந்திருக்கிறார். வாடை வந்து, ஈ மொய்த்த பிறகுதான் அவர் மருமகள் கவனித்திருக்கிறாள். வலது கால் கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. அன்று மத்தியானம் மேஸ்திரி ஒரு வெள்ளைத் தாளை என் பலகைமேல் விரித்து, அதன் நடுவில் அந்த ஆணியை வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. அரை அங்குல ஆணி.

வேலை போய்விடும் என்று தெரியும். போவதற்கு முன் அவரைப் பார்த்துவிடலாம் என்று சாயங்காலம் வார்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். மணிக்கட்டில் மாரியம்மனுக்குக் கட்டின மஞ்சள் கயிறு. நான் யாரென்று சொன்னதும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீதானா அந்தப் பையன்? இன்னா இப்டி எளைச்சுப் போய்க் கீற? சாப்ட்டியா?"

நான் அழுதுவிட்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல், அடுத்த ஜோடியை நீயே தைச்சுக் குடு என்றார். "வேற எவன் தைச்சாலும் உள்ள ஆணி கீதான்னு பாக்க மாட்டான். நீ பாப்ப."

டாக்டரிடமும் அதையே சொல்லியிருக்கிறார். வேலை தப்பியது அப்படித்தான்.

ஞாயிறு பள்ளியிலிருந்தே கிருபைக்கு அர்த்தம் எனக்கு மனப்பாடம்: தகுதியில்லாதவனுக்குக் கிடைக்கிற தயவு. நாம் பாவிகளாயிருக்கையில் கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் நிருபத்தைப் பார்க்காமலே ஒப்பிப்பேன். ஆனால் அது என் உடம்பில் இறங்கியது, பைபிளைத் தொட்டுக்கூடப் பார்க்காத ஒரு ஆட்டுக்காரர் "சாப்ட்டியா" என்று கேட்ட அன்றைக்குத்தான். நான் இன்னும் மன்னிப்புக்கூடக் கேட்டிருக்கவில்லை, அதற்குள் கேட்டுவிட்டார். இதைச் சபையில் சாட்சியாகச் சொன்னபோது, "அவர் ரட்சிக்கப்பட்டாரா?" என்று ஒருவர் கேட்டார். அங்கே ரட்சிக்கப்பட வேண்டியிருந்தவன் நான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்தப் பெரியவர் சாகிற வரைக்கும் அவருக்கு நான்தான் தைத்தேன். ஒவ்வொரு தடவையும் கொடுப்பதற்கு முன் அவர் கண்முன்னாலேயே செருப்புக்குள் கையை விட்டு, குதிகாலிலிருந்து நுனிவரை தடவிக் காட்டுவேன். இன்றும் கடையில் யாராவது செருப்பை நீட்டினால் என் கை தானாக உள்ளே போய்விடுகிறது. வீட்டில் கேலி செய்கிறார்கள்.

இவ்வளவு பெற்றவன் எப்படி இருந்திருக்க வேண்டும்? சொல்கிறேன்.

மேஸ்திரி ஓய்வு பெற்றதும் அந்தப் பிரிவு என் கைக்கு வந்தது. நான் கறாரான ஆள். வருஷத்துக்கு இரண்டு ஜோடி, அதைக் குறித்துக்கொள்ள ஒரு அட்டை. "அட்டை இல்லாதவர்களுக்குச் செருப்பு கிடையாது" என்று பெயிண்டில் எழுதி வாசலில் மாட்டினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். காலை ஜெபத்தில் முறை வரும்போதெல்லாம் நிபந்தனையில்லாத தேவ அன்பைப் பற்றிப் பேசிவிட்டு, அந்தப் பலகையைத் தாண்டித்தான் என் நாற்காலிக்குப் போவேன். ஒரு நாள்கூட அது எனக்கு உறுத்தவில்லை.

2003-இல் போளூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். இடது காலில் மூன்று விரல் குட்டை, வலது கால் முழுசு. அட்டையைப் பார்த்தால் அந்த வருஷத்தில் அது மூன்றாவது ஜோடி. காலில் சாதாரண ஹவாய் செருப்பு, கழன்றுவிடாமலிருக்கச் சணல் கயிற்றால் பாதத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார். கயிறு அறுத்த இடத்தில் புண்.

"நாங்க குடுத்தது எங்க?"

"காணாப்பூட்ச்சு சார்."

"ரெண்டுமா?"

பேசாமல் நின்றார். விற்றுக் குடித்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். இது யார் யாரோ கொடுத்த காணிக்கைப் பணம், ஆண்டவர் பணம், உங்களை மாதிரி ஆட்களால்தான் உண்மையிலேயே வேண்டியவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது என்று பத்துப் பேர் நடுவில் பிரசங்கம் செய்தேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். கூட்டம் போன பிறகு, என் வேலைப் பலகைப் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"இந்தக் கறுப்புச் செருப்பப் போட்டுக்கினு பஸ் ஏறனா கண்டக்டருக்கே தெரியுது சார், எந்த ஆஸ்பத்திரிதுன்னு. பொண்ணக் கட்டிக் குடுத்த ஊரு. சம்பந்தி வூட்டுக்குத் தெரிஞ்சா அத்த வெச்சிருப்பாங்களா?"

முதல் ஜோடியை மகள் ஊருக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, வேலிக்காத்தான் புதரில் மறைத்து வைத்துவிட்டு ஹவாய் செருப்போடு நடந்து போயிருக்கிறார். திரும்பி வந்தபோது அது அங்கே இல்லை. இரண்டாவது ஜோடியை, சம்பந்திகள் வருகிறார்கள் என்று கேட்டதும் அவர் மனைவி அடுப்பில் போட்டுவிட்டாள்.

தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகச் சட்டமே ஒப்புக்கொண்டிருந்த காலம் அது. 2019-இல்தான் அதை எடுத்தார்கள். அவர் பயந்ததில் தப்பே இல்லை. தப்பு என் வேலைப் பலகைமேல் இருந்தது. ஒரே கறுப்பு ரப்பர், ஒரே தடிமன், ஒரே அகலப் பட்டை. பதினைந்து வருஷமாக ஊர் ஊராகப் போய் இன்னாருக்கு இன்ன நோய் என்று சொல்கிற செருப்பைத் தைத்திருக்கிறேன். அதைக் கொடுத்துவிட்டு நன்றியை வேறு எதிர்பார்த்திருக்கிறேன்.

எங்கள் மருத்துவமனை ஜெபத்தில் லூக்கா 17 வாசிக்கும்போது ஒரு சங்கடம் உண்டு. வேதத்தில் "குஷ்டரோகமுள்ள மனுஷர்" என்று இருக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துவிட்டு வாசிக்கிறவர் அந்தச் சொல்லை விழுங்குவார். பத்துப் பேர் சுத்தமானார்கள், ஒருவன் மட்டும் திரும்பி வந்தான், மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். நன்றி கெட்ட ஒன்பது பேர் என்று எத்தனை பிரசங்கம் கேட்டிருப்பேன், நானே எத்தனை செய்திருப்பேன். அன்று ராத்திரிதான் வேறொன்று உறைத்தது. திரும்பி வராத அந்த ஒன்பது பேருக்கும் நோய் திரும்பி வந்ததாக அங்கே எழுதவில்லை. கேட்டார், அவ்வளவுதான். கொடுத்ததைப் பிடுங்கவில்லை. அட்டையில் குறித்துக்கொள்ளவும் இல்லை. மாற்கு முதல் அதிகாரத்தில் இன்னும் ஒருபடி மேலே. தொட்டுச் சுகமாக்கிவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்று அனுப்புகிறார். நாங்கள் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தோம். தொட்டோம், கூடவே ஒரு முத்திரையும் குத்தி அனுப்பினோம்.

அடுத்த வாரம் அவருக்குப் பழுப்புத் தோலில் ஒரு ஜோடி தைத்தேன். எம்.சி.ஆர். உள்ளேதான், ஆனால் ஓரத்தைச் சுற்றித் தோலை மடித்துத் தைத்து மூடிவிட்டேன். பின்பட்டைக்கு வெல்க்ரோ, அதன்மேல் பார்வைக்கு ஒரு பக்கிள். தூரத்திலிருந்து பார்த்தால் பாட்டா கடைச் செருப்பு. கையில் வாங்கியவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆஸ்பத்திரிதா?" என்றார். உள்ளே கை விட்டுத் தடவிக் காட்டினேன். அதைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ.

இதைப் பெரிய புரட்சியாகச் சொல்லவில்லை. இந்த மாதிரிச் செருப்பை மற்ற இடங்களிலும் யோசித்துச் செய்திருக்கிறார்கள், என்னைவிட நன்றாகவே. எங்களிடம் விஷயம் பரவி எல்லாரும் பழுப்பு கேட்டார்கள். இரண்டு மாதத்தில் தோல் தீர்ந்தது, கணக்குப் பார்க்கிறவர் கையை விரித்தார். நான்கு மாதம் மறுபடியும் கறுப்பே தைத்தேன், வாங்கிப் போகிறவர்கள் முகத்தைப் பார்க்காமல். பிறகு வெட்கத்தை விட்டு, என்னை வீட்டுக்கு அனுப்பின அதே கம்பெனி வாசலில் போய் நின்று வெட்டுத் தோல் கேட்டேன். மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள். ஒரு செருப்புக்கு இரண்டு நிறம் வரும், பரவாயில்லை, அதுதான் ஃபேஷன் என்று சொல்லிக்கொண்டோம்.

2005 டிசம்பர் நிலவரப்படி, பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் கீழே வந்துவிட்டதால் தேசிய அளவில் தொழுநோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று அறிவித்தார்கள். நோய் குறைந்தது நிஜம். கூட்டு மருந்து சாதித்தது அது. ஆனால் மருந்து கிருமியைக் கொல்லும், போன உணர்ச்சியைத் திருப்பித் தராது. என் வாசலில் வரிசை குறையவில்லை. போளூர்க்காரர் மட்டும் அதற்குப் பிறகு வரவே இல்லை. ஒரு வருஷம் போனது, இரண்டு வருஷம் போனது. அட்டைப் பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம் அவர் அட்டை கையில் தட்டுப்படும்.

2006 பொங்கல் கழிந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும், இடுப்பில் குழந்தை. வரிசையில் நிற்காமல் கடைசிவரை ஓரமாகவே நின்றாள். எல்லாரும் போனதும், சுருட்டி வைத்திருந்த பழைய மாதக் காலண்டர் தாளை என் பலகைமேல் விரித்தாள். பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு பாதம் வரைந்திருந்தது. வலது கால் முழுசு. இடது காலில் மூன்று விரல் குட்டை.

"அப்பாவுக்கு. நடக்க முடியல, அதான் நானே வரஞ்சு எடுத்தாந்தேன். அந்தக் காபிப்பொடி கலர்லயே வேணும்."

வாசல் பலகை அவளுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. பெயர், ஊர், அட்டை எதையும் அவளாகச் சொல்லவில்லை. தாளின்மேல் விரலை வைத்து, அந்தக் கோட்டைக் குதிகாலிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தேன்.

"பழசுல பின்பட்டை இறுக்கமா இருந்துச்சா, லூசா இருந்துச்சாம்மா?"

குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, கொஞ்சம் யோசித்துவிட்டு, லூசுதான் சார் என்றாள்.