கண்ணம்பாடி நீரில் ஒரு காலை: படகு, இரண்டு தூண்டில், ஒரு பிளாஸ்டிக் வாளி

பெங்களூரில் ஏரிக்குப் பஞ்சமில்லை, தூண்டில் போடத்தான் ஏரி இல்லை. நான் குடியிருப்பது அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில். 2016 மார்ச்சில் அந்த ஏரியில் மீன்கள் கும்பல் கும்பலாகச் செத்து மிதந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த வழியாகத்தான் வேலைக்குப் போனேன். பெல்லந்தூர் ஏரி இன்னும் ஒரு படி மேலே போய் 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் தீப்பிடித்தே எரிந்தது. தண்ணீர் பற்றி எரிகிற ஊரில் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? அதனால் மீன் பைத்தியம் பிடித்த பெங்களூர்க்காரர்கள் எல்லோரும் சனி ஞாயிறு வந்தால் ஊரைவிட்டு வெளியே ஓடுவார்கள். இந்தத் தடவை நானும் ஓடினேன்.

கூட்டிப் போனவர் மர்பி டவுன் நண்பர். கரையில் நின்று தூண்டில் போட்டுப் போட்டு அலுத்துப்போய், மெல்ல ஓடும் படகின் பின்னால் பொய்மீனை இழுத்துக்கொண்டு போகும் ட்ரோலிங்கில் இறங்கியவர். அதற்காகவே ஐந்து குதிரைத்திறன் பெட்ரோல் மோட்டார் ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்திருக்கிறார். காரின் பின்பக்கம் அதைப் படுக்கப் போட்டு, மேலே போர்வை போர்த்தி, கண்ணம்பாடி அணை என்றும் கே.ஆர்.எஸ். என்றும் சொல்லும் கிருஷ்ணராஜசாகர் வரை கொண்டுபோனோம். எவ்வளவு துடைத்தாலும் பெட்ரோல் வாடை போகாது. பிடதியில் வாங்கிய தட்டு இட்லியிலும் அந்த வாடைதான்.

வழியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2023 மார்ச்சில் திறந்த புதிய மைசூர்ச் சாலை பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர் எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டது. இட்லியோ மத்தூர் வடையோ வேண்டுமென்றால் நீங்களாகப் பார்த்துக் கீழே இறங்கினால்தான் உண்டு. பைக்கில் வர நினைப்பவர்கள் கவனிக்கவும்: பிரதான தடத்தில் இருசக்கர வண்டிக்கு அனுமதி இல்லை, பக்கச் சாலைதான். ராத்திரி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒரு சுமாரான லாட்ஜில் தங்கிவிட்டு, விடியும் முன்பே நீர்த்தேக்கத்தின் மேல்பக்கக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். அணைக்குப் பக்கத்தில் படகு விடும் யோசனையே வேண்டாம். நாங்கள் இறங்கியது அங்கிருந்து வெகு தூரத்தில்.

படகு எங்களுடையது இல்லை. மீன்பிடி உரிமம் உள்ள ஒரு மீனவருடைய ஃபைபர் படகு. மனிதர் மேட்டூர் பக்கம் கொளத்தூர்க்காரர். இளவயதில் மாமனோடு வலை போட வந்து இங்கேயே தங்கிவிட்டார். கன்னடம் சரளமாகப் பேசுகிறார். எங்களைப் பார்த்ததும், "வாங்க தம்பி, குளிருதுங்களா?" என்று சேலத்துத் தமிழுக்கு மாறிக்கொண்டார். பரிசலும் இரண்டு வைத்திருக்கிறார். பரிசலில் ட்ரோலிங் நடக்காது. அது நேராகப் போவதே துடுப்புப் போடுகிறவர் தயவில்தான், பின்னால் நூல் வேறு இழுத்தால் சுற்றிக்கொண்டே நிற்கும்.

மோட்டாரை மாட்டிக் கிளம்பியதும் முதல் பிரச்சினை வேகம். ட்ரோலிங்குக்கு மனிதன் நடக்கிற வேகம் போதும், மணிக்கு மூன்றிலிருந்து ஐந்து கிலோமீட்டர். எங்கள் மோட்டாரோ எவ்வளவு குறைத்து வைத்தாலும் அந்த லேசான படகை அதைவிட விரட்டியது. நண்பர் இதற்குத் தயாராக வந்திருந்தார். அடியில் நாலு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கயிற்றில் கட்டிப் படகின் நடுப்பக்கத்திலிருந்து தண்ணீரில் விட்டார். கயிறு மோட்டார் விசிறியை எட்டாத நீளம். வாளி தண்ணீரைக் குடித்துக்கொண்டு பின்னால் இழுக்க, படகு அடங்கியது. கடையில் இதற்கென்று துணியில் தைத்த குடை மாதிரி ஒன்று விற்கிறார்களாம். வாளி அதைவிட மலிவு, மீன் போடவும் ஆகும்.

அடுத்து பொய்மீன். நாங்கள் போட்டது வெள்ளை உடம்பு, சிவப்புத் தலை, வாய்க்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் தகடு. அந்தத் தகடுதான் எல்லாமே. படகு இழுக்க இழுக்கத் தகடு தண்ணீரை வெட்டி மீனைக் கீழே இறக்கும், உடம்பை ஆட்டும். நூலை நீளமாக விட்டால் இன்னும் ஆழம் போகும், தடித்த நூலானால் தண்ணீரின் தடையில் மேலேயே நிற்கும். நண்பர் அதை வெளியே விடும் முன் படகின் ஓரமாக ஒரு முழம் நூலில் இழுத்துப் பார்த்தார். இடப்பக்கமாகச் சாய்ந்து ஓடியது. பையிலிருந்து குறடை எடுத்து, நூல் கட்டும் கம்பி வளையத்தை வலப்பக்கம் துளி வளைத்தார். மறுபடி விட்டார். இப்போது நேராக, உயிர் வந்ததுபோல் துடித்துக்கொண்டு ஓடியது. இதைச் செய்யாமல் விட்டால் மணிக்கணக்கில் ஒரு நொண்டி மீனை இழுத்துக்கொண்டு பெட்ரோல் செலவழிக்க வேண்டியதுதான்.

நூலில் பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறும். ஒரு தூண்டிலில் மூன்றாவது நிறம் வரை, இன்னொன்றில் இரண்டாவது நிறம் வரை விட்டோம். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் முதல் திருப்பத்திலேயே பின்னிக்கொள்ளும். திருப்பம் என்றதும் ஒரு விஷயம்: படகு வளையும்போது வெளிப்பக்க நூல் வேகமெடுக்கும், உள்பக்க நூல் தளர்ந்து வேகம் குறையும். வளைவில் மீன் அடித்தால் எந்தப் பக்கத்து நூலில் அடித்தது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு மீனுக்கு எந்த வேகம் பிடிக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். நேர்கோட்டில் போகிறவர்களைவிடப் பாம்பாக நெளிந்து போகிறவர்களுக்கு மீன் அதிகம் கிடைப்பது இதனால்தான்.

சோம்பேறிகளின் மீன்பிடி என்று இதைக் கிண்டல் செய்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கண் முழுக்க ராடின் நுனியிலேயே இருக்க வேண்டியிருக்கிறது. பொய்மீன் சரியாக நீந்தினால் நுனி விடாமல் அதிரும். அதிர்வு நின்றால் முள்ளில் பாசி மாட்டிவிட்டது, இழுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். தட்டுத் தட்டாக இடித்தால் தகடு தரையைத் தொடுகிறது, நூலைச் சுற்ற வேண்டும்.

அந்தத் தரையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன். நண்பரிடம் ஆழம் காட்டும் கருவி இல்லை. படகுக்காரரிடம் ஒரு எண் இருந்தது.

"இன்னிக்கு மட்டம் 118ங்க" என்றார். "முன்னால ஒரு மேடு வருது. 112-ல தலை காட்டும். அப்ப ஆறடி தண்ணி. உங்க மீனு எத்தனை அடி முங்கும்?"

எட்டடி என்றார் நண்பர். "அப்ப சுத்திக்குங்க" என்றார் அவர். சுற்றி நாலடி ஆழத்துக்குக் கொண்டுவந்தோம். மேடு கடந்ததும், "இனி விடுங்க, கிணத்து மேடு 104-லதான் வரும்" என்றார். ஒரு வரப்பு, ஒரு பழைய வண்டிப்பாதை, புளியமர வரிசையின் அடிக்கட்டைகள் என்று ஒவ்வொன்றும் எந்த அடியில் வெளியே வரும் என்று மனப்பாடமாகச் சொல்கிறார். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க நடந்து பார்த்து வைத்த கணக்கு.

கே.ஆர்.எஸ். நீர்மட்டம் இத்தனை அடி என்பதை எத்தனையோ வருடமாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முழு மட்டம் 124.80 அடி என்பது தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 2016 செப்டம்பரில் காவேரித் தகராறில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்தபோது, கதவைச் சாத்திக்கொண்டு டிவியில் பார்த்துக்கொண்டிருந்ததும் இந்த எண்ணைத்தான். அதை வைத்து ஒருவர் வண்டிப்பாதை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. காலையில் எழுந்ததும் போனில் பார்ப்பது இந்த எண்ணைத்தான் என்றார் படகுக்காரர். மேட்டூர் மட்டத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பாராம், அது சொந்த ஊர்ப் பாசம்.

கீழே இருப்பது வெறும் வயல்வெளி இல்லை. 1911-இல் வேலை தொடங்கிய இந்த அணைக்காகக் கண்ணம்பாடி என்ற ஊரே உள்ளே போனது. அங்கிருந்த 12-ஆம் நூற்றாண்டு ஹொய்சாளர் காலத்து வேணுகோபாலசாமி கோயிலும் மூழ்கியது. வறட்சி வருடங்களில் அது வெளியே வந்து போய்க்கொண்டிருந்தது. பிறகு கற்களைப் பிரித்துக் கொண்டுவந்து கரையில் ஹொச கண்ணம்பாடியில் மறுபடி கட்டிவிட்டார்கள். அணைக்கு ஒரு தமிழ்த் தொடர்பும் உண்டு. 1902 முதல் சிவனசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. கோடையிலும் அந்த மின்நிலையத்துக்குத் தண்ணீர் குறையாமல் வர வேண்டும் என்பது இந்த அணை கட்டியதன் காரணங்களில் ஒன்று. அந்தச் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி நம் ஆட்கள். நண்பரின் தாத்தா அவர்களில் ஒருவர். "தாத்தாவோட லிஃப்ட் ஓடினது இந்தத் தண்ணியிலதான்" என்று மோட்டாரைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கொஞ்சம் அளப்புதான், ஆனால் தப்பில்லை.

சரி, மீனுக்கு வருவோம். கட்லாவும் ரோகுவும் இங்கே ஏராளம். ஆனால் கட்லா தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சலித்துத் தின்பது, ரோகு பாசி மேய்வது. ஓடுகிற பொய்மீனை இரண்டும் சட்டை செய்யாது. துரத்தி அடிப்பவை வாளை, விரால், மாசீர் வகைகள்தான். மாசீர் என்றதும் மைசூர்ப் பக்கத்து ஆட்கள் 1946-இல் கபினியில் வான் இங்கன் பிடித்த 120 பவுண்டு மீனைப் பற்றிப் பேசாமல் விடமாட்டார்கள். பாடம் செய்யப்பட்ட புலித் தலைகளுக்குப் பேர்போன அந்த மைசூர்க் குடும்பத்து ஆள். அவர் பிடித்தது காவேரிக்கே உரிய திமில் மாசீர். இன்று அது அழிவின் விளிம்பில் இருக்கிறது. லோனாவாலாப் பக்கப் பண்ணையில் வளர்த்த வேறு மாசீர் குஞ்சுகளை நல்லெண்ணத்தோடு இந்த ஆற்றில் விட்டதும் அதற்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எங்கள் தூண்டிலில் மாசீர் மாட்டினால் அவிழ்த்து விடுவது என்று கிளம்பும்போதே பேசி வைத்திருந்தோம். மாட்டவில்லை.

முதலில் மாட்டியது வலை. ராடு சட்டென்று வளைந்து ரீல் கிறீச்சிட்டது, நண்பர் எழுந்தே நின்றுவிட்டார். படகுக்காரர் அசையவில்லை. "எந்திரிக்காதீங்க தம்பி, அது வலைங்க." தூரத்தில் வெற்றுத் தண்ணீர் பாட்டில் ஒன்று மிதந்தது. அதுதான் அடையாளமாம். மோட்டாரை நிறுத்தித் துடுப்புப் போட்டுப் போய், வலையைக் கையில் தூக்கி முள்ளை ஒவ்வொரு கண்ணியாக அவரே எடுத்தார். ஒரு கண்ணிகூட அறுக்கவில்லை. "நூலை அறுத்தா உங்களுக்கு நஷ்டம், கண்ணிய அறுத்தா அவனுக்கு நஷ்டம்" என்றார். வார இறுதியில் வரும் ஆட்கள் கத்தியை எடுத்து வலையைக் கிழித்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று அவருக்குக் கோபம். நியாயமான கோபம்.

வெயில் ஏறும் முன், பழைய ஆற்றுத் தடம் வளைகிற இடத்தில், உள்பக்க நூலில் அடித்தது. இந்த அடி வேறு மாதிரி. இரண்டு முறை குனிந்து, அப்புறம் கனமாகக் கீழே போனது. நண்பர் மோட்டாரை அணைத்தார், நான் அடுத்த தூண்டிலை அவசரமாகச் சுற்றி உள்ளே எடுத்தேன். அதுதான் முறை. இல்லாவிட்டால் மீன் இரண்டு நூலையும் முறுக்கிவிடும். வாளியையும் மேலே இழுத்தோம். கொஞ்ச நேர இழுபறிக்குப் பின் படகோரம் வெள்ளியாகப் புரண்டது ஒரு வாளை. மூன்று கிலோவுக்குக் குறையாது. செதில் கிடையாது, உடம்பு நீள நாடா மாதிரி கீழ்த் துடுப்பு, கண்ணையும் தாண்டிக் கிழிந்த வாய். அந்த வாய்க்குள் உள்நோக்கிச் சாய்ந்த பொடிப் பற்கள் வரிசை வரிசையாக. நூலின் முனையில் ஒரு கெஜத்துக்குத் தடித்த தங்கூசி (நைலான் நரம்பு) கட்டியிருந்தோம். அது முழுக்கச் சுரசுரவென்று ஆகிவிட்டது. மெல்லிய நூலாக இருந்தால் எப்போதோ போயிருக்கும்.

மீன் படகுக்காரருக்குத்தான். உரிமம் அவருடையது, பேச்சும் அப்படித்தான். நண்பருக்கு அதை வீட்டுக்குக் கொண்டுபோக ஆசை, வாய் திறந்து கேட்கவில்லை. பதினொரு மணிக்கு மேல் காற்று எழுந்து அலை படகை அடிக்கத் தொடங்கியதும் கரைக்குத் திரும்பிவிட்டோம். பரந்த நீர்த்தேக்கத்தில் காற்றோடு விளையாடக் கூடாது. மிதவைச் சட்டையைப் படகில் ஏறும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், கரையில் இறங்கித்தான் கழற்ற வேண்டும்.

அவர் மனைவி கொடுத்த கேழ்வரகுக் களியும் கெளுத்திக் குழம்பும் சாப்பிட்டோம். குழம்பில் புளி தூக்கலாக இருந்தது, எனக்குப் பிடித்த மாதிரி. மோட்டாரைக் கழற்றி வண்டியில் ஏற்றும்போது அடுத்து எப்போது வரலாம் என்று கேட்டோம். மழைக்காலத்தில் புதுவெள்ளம் செம்மண்ணாக வரும், பொய்மீன் எதன் கண்ணிலும் படாது, வர வேண்டாம் என்றார். மட்டம் 105-க்கு இறங்கும்போது வந்தால் கிணற்று மேட்டைச் சுற்றி விரால் காட்டுவதாகச் சொன்னார். வண்டி கிளம்பிய பிறகு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"தம்பி, அந்தச் செவப்புத் தலை மீனு ரெண்டு வாங்கியாங்க. காசு குடுத்துடறேன்."