சாரல் வேறு, அடைமழை வேறு

தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டை, புளியரை பக்கம் மழையை ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வருவது தென்மேற்குச் சாரல். மேகம் பெரும்பங்கை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் கொட்டிவிடும். மிச்சம்தான் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்றோடு நமக்கு. கிழக்கே ஆலங்குளம் போனால் பெரும்பாலும் வெறும் காற்றுதான்.

ஓட்டு வீட்டுக்குச் சாரல்தான் எதிரி. காற்று தூறலைப் பக்கவாட்டில் தள்ளி, ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடுக்குக்குள் ஏற்றிவிடும். நேராகப் பெய்யும் ஐப்பசி மழைக்கு ஒழுகாத கூரை ஆனியில் ஒழுகுவது இதனால்தான். மே மாதத்துக்குள் மேற்குச் சரிவை முதலில் பாருங்கள்: விரிசல் விட்ட ஓடுகளை மாற்றி, இடுக்கில் அடைந்த சருகைத் தட்டிவிட வேண்டும். சருகு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு சட்டத்தை உளுக்கவைக்கும். தார் பூசுவது ஒரு வருஷம்கூடத் தாங்காது என்பது என் கட்சி.

சாரல் நாளில் ஈரத் துணியை வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில், ஒரு சாண் இடைவெளி விட்டுப் போடுங்கள். நெருக்கினால் முடைநாற்றம்தான்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல் இடியோடு மொத்தமாகக் கொட்டும். அதற்குக் கூரையைவிட வாய்க்கால்தான் முக்கியம், புரட்டாசியிலேயே தூர்வாரிவிடுங்கள். வற்றல், மிளகாய் எல்லாம் மாசி வெயிலுக்கு. சித்திரையில் போட்டால் கோடைமழைக்கு ஓடி ஓடி அள்ள வேண்டியிருக்கும்.