தங்குமிடத்துக்குத் தரச்சான்று வாங்கிய கதை

வீடற்றவர்களுக்கான அவசரத் தங்குமிடம் ஒன்றில் பொறுப்பாளராக இருக்கிறேன். நிதி தொடர்ந்து வரவேண்டுமானால் பாதுகாப்பு, தரம் இரண்டிலும் மதிப்பீடு முடித்துச் சான்று காட்டச் சொன்னார்கள். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கோப்பு வேலையைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பதிவேடு, மின் இணைப்புச் சோதனை, தீயணைப்பான்களின் காலாவதித் தேதி எல்லாம் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

மதிப்பீட்டாளர் அம்மா வந்ததும் கோப்பைத் தொடவே இல்லை. நேரே பின்வாசலுக்குப் போனார். இரவில் அதைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவோம். வெளியாட்கள் அந்த வழியாக நுழைந்து தூங்குகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு போனதுண்டு. “தீப்பிடித்தால் சாவி யாரிடம்?” என்றார். காவலரிடம் என்றோம். “அவர் கழிப்பறையில் இருந்தால்?” எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கிற, வெளியிலிருந்து திறக்க முடியாத கம்பிப் பூட்டைப் பொருத்தினோம். திறந்தால் மணி அடிக்கும். திருட்டுப் பயமும் போயிற்று.

அப்புறம் விளக்கணைத்த பிறகு ஒரு வெளியேற்ற ஒத்திகை. “பொருள்களை விட்டுவிட்டு வெளியேறவும்” என்று சுவரில் ஒட்டியிருந்தோம். ஒருவர்கூடக் கையை வீசிக்கொண்டு வரவில்லை. மொத்தச் சொத்தும் ஒரே பையில் இருக்கும்போது யார்தான் விட்டுவிட்டு ஓடுவார்கள்? அதனால் பையோடு நடக்கிற அளவுக்கு நடைவழியை அகலமாக்கினோம். சக்கர நாற்காலிக்காரரின் கட்டிலை வாசலருகே மாற்றினோம்.

உண்மையான தலைவலி இடக்கணக்குதான். பேரிடர் நிவாரணத்துக்கான ஸ்பியர் கையேடு, சமையல், குளியல், கழிப்பறை நீங்கலாக ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர் வேண்டும் என்கிறது. மதிப்பீட்டில் அதையே அளவுகோலாக வைத்திருந்தார்கள். எங்கள் கூடம் 112 சதுர மீட்டர். போட்டிருந்தது 40 கட்டில். கணக்குப்படி 32தான் செல்லும். நெரிசலில் காசநோய் எளிதில் பரவும், இரவுச் சண்டைகளில் பாதி இடிபட்டு வருவதுதான், எல்லாம் தெரியும். ஆனால் எட்டுக் கட்டிலை எடுத்தால் எட்டுப் பேர் தெருவில். மாற்றிடம் காட்டாமல் கட்டிலைக் குறைக்கச் சொல்லும் விதியைப் பாதி விதி என்றுதான் சொல்வேன். மதிப்பீட்டாளரின் முகத்துக்கு நேராகவே அதைச் சொன்னேன். அறிக்கையிலும் எழுதிக்கொண்டார்.

அவர் எங்கள் ஊழியர்கள் யாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் தங்கியிருப்பவர்களோடு தனியாகப் பேசியதுதான் எனக்குப் பிடித்தது. குறைகேட்புப் பெட்டியில் சீட்டே விழுவதில்லை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். பெட்டி என் அலுவலக ஜன்னலுக்கு எதிரே, கேமராவுக்கு நேர் கீழே இருந்தால் யார் போடுவார்கள்? குளியலறைப் பக்கம் நகர்த்தியதும் அந்த வாரமே சீட்டுகள் வந்தன. பெண்கள் கழிப்பறையில் உள்தாழ்ப்பாள் நிற்பதில்லை என்று நான்கு சீட்டில் நான்கு கையெழுத்து. மெத்தைத் தையலில் மூட்டைப்பூச்சி என்று இன்னொன்று. தாழ்ப்பாளை அன்றைக்கே மாற்றினோம். மெத்தைகளுக்குத் தையலில்லாத, துடைத்தெடுக்கக்கூடிய உறை வாங்கினோம். விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம்.

சான்று நிபந்தனையோடு கிடைத்தது. கட்டில்களை 32 ஆக்க ஆறு மாத அவகாசம். அந்த எட்டுப் பேருக்காகக் காலியாகக் கிடக்கும் ஓர் அரசுக் கட்டடத்தைக் கேட்டு, மதிப்பீட்டு அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் இணைத்து மனு கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.