வாடகைக் காசு தண்ணியில போட்ட மாதிரியாம்

கனடாவுக்கு வந்து இறங்கிய கிழமையே சொந்தக்கார அண்ணை ஒருவர் சொன்னார்: "தம்பி, வாடகைக்குக் குடுக்கிற காசு தண்ணியில போட்ட மாதிரி. எப்பிடியாவது ஒரு வீட்டை வாங்கிப் போடும்." அப்போது நாங்கள் இருந்தது ஸ்காபரோவில் ஒரு தமிழ் வீட்டின் பேஸ்மென்டில். முகட்டோடு ஒட்டினாற்போல ஒரு சின்ன யன்னல், அதால் பார்த்தால் கார்ச் சில்லும் ஆட்களின் சப்பாத்தும் மட்டும் தெரியும், ஜனவரியில் அதையும் பனி மூடிவிடும். மேலே பிள்ளைகள் ஓடினால் எங்கள் தலையில் ஓடுகிற மாதிரி இருக்கும். உடுப்புத் தோய்க்கச் சனிக்கிழமை மட்டும்தான் அனுமதி.

2021இல் வீடு பார்க்க வெளிக்கிட்டோம். தனியாக நிற்கும் டிட்டாச்டு வீட்டை வெளியில் நின்று பார்த்ததோடு சரி. ஒரு சுவர் பொதுவாக இருக்கும் செமியும் எட்டவில்லை. மிஞ்சியது வரிசையாக ஒட்டிக் கட்டிய டவுன்ஹவுஸ். அதிலும் ஃப்ரீஹோல்ட் வேறு, கொண்டோ வேறு என்பது மூன்றாவது வீடு பார்த்தபோதுதான் விளங்கியது. ஃப்ரீஹோல்ட் என்றால் வீடும் காணியும் முழுக்க எங்களுடையது, பராமரிப்பும் எங்கள் பாடு. கொண்டோ என்றால் கூரை மாற்றுவது போன்ற வேலைகளைப் பெரும்பாலும் நிர்வாகம் பார்க்கும், ஆனால் அதற்கு மாதாமாதம் பராமரிப்புக் காசு கட்ட வேண்டும், வீட்டுக் கடன் முடிந்தாலும் அது முடியாது.

கடைசியில் ரொறன்ரோவுக்கு வெளியே ஏஜாக்ஸில் ஒரு ஃப்ரீஹோல்ட் டவுன்ஹவுஸ், 750,000 டொலர். முதல் ஐந்து லட்சத்துக்கு 5%, மிச்சத்துக்கு 10% என்று குறைந்தபட்ச முற்பணம் 50,000. அதைச் சேர்க்கவே ஏழு வருஷம், நடுவில் ஒரு சீட்டும் பிடித்தோம். முற்பணம் 20 வீதத்துக்குக் குறைவு என்பதால் கடன் காப்புறுதி என்று 28,000 டொலரைக் கடனோடு சேர்த்துவிட்டார்கள். அந்தக் காப்புறுதி வங்கிக்கு, காசு மட்டும் எங்களுடையது! காணி மாற்று வரி, முதல் வீடு என்ற 4,000 டொலர் சலுகை போக, 7,475. ரொறன்ரோ மாநகருக்குள் வாங்கியிருந்தால் மாநகருக்கும் தனியாக ஒரு வரி.

வட்டி ஏறி இறங்கும் கடனை எடுத்தது என் புத்தி. அப்போது மத்திய வங்கியின் வீதம் 0.25, 2023 ஜூலையில் அது 5. மாதத் தவணை ஆயிரம் டொலருக்கு மேல் கூடியது, அதில் பெரும்பகுதி வட்டி. அதுவும் திரும்பி வராத காசுதானே? அதே நேரம் ஸ்காபரோவில் பழைய அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்த என் நண்பனுக்கு அந்த வருஷம் கூடியது வெறும் 2.5%, அதற்கு மேல் கூட்ட ஒன்ராறியோ மாகாண அரசின் கட்டுப்பாடு விடாது. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆட்கள் குடிவந்த கட்டடம் என்றால் இந்தக் கட்டுப்பாடு இல்லை, வாடகைக்குத் தேடுபவர்கள் முதலில் அதைக் கேளுங்கள்.

பேஸ்மென்டுக்குத் திரும்புவேனா? மாட்டேன். செவ்வாய்க்கிழமையும் உடுப்புத் தோய்க்கிறோம். ஆனால் புதுவீட்டுக்கு வந்து பால் காய்ச்சி ஒரு மாதம் ஆகவில்லை, என் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. பேஸ்மென்டில் நிற்கும் சுடுதண்ணித் தாங்கி வீட்டோடு சேர்ந்ததில்லையாம், அதற்கு மாத வாடகை.